அஞ்சாம் காம்பராவின் சாமானும் என் முகமும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் வீட்டுக் காம்பராக்களில், பகலில் ஆள் இருக்காது. காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். மிச்சமுள்ளவர்கள் மஸ்கெலியா டவுனிலும் அட்டன் டவுனிலும் கடைகளில் நிற்பார்கள். வேலையிலிருந்து நின்றுவிட்ட நான்தான் வீட்டோடு கிடக்கிறவள். அதனால் லயத்துக்கு வருவது எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். பக்கத்துக் காம்பராவின் காஸ் சிலிண்டர், கரண்டு பில், கிளினிக்குக்கு வரச் சொல்லி மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போகும் சேதி, எல்லாவற்றையும் வாங்கி வைத்துச் சாயங்காலம் அவரவரிடம் ஒப்படைப்பேன்.

இது நான் தொடங்கிய வழக்கம் இல்லை. நான் மலைக்குப் போன காலத்தில் என் சாமானை இன்னொருத்தி வாங்கி வைத்தாள். வாங்கி வைக்கிறவளை யாரும் சந்தேகப்படுவதில்லை. வாங்கி வைத்தவளும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இப்படித்தான் எங்கள் லயம் நடக்கிறது.

அஞ்சாம் காம்பராவில் இருப்பவள் எனக்குச் சொந்தம் இல்லை. ஆனாலும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தது டவுன் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் படிக்கிறது. அவள் ஒருத்தி கொழுந்தெடுத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டும். கூரைத் தகரம் ஓட்டையாகி, மேலே நீலப் பிளாஸ்டிக் படங்கு விரித்துக் கல் வைத்திருக்கிறாள். கதவிலும் ஒரு பலகை இல்லை.

என் காம்பரா அப்படி இல்லை. மகன் புதுத் தகரம் அடித்து, தரைக்குச் சிமெந்து பூசி, உள்ளேயே தண்ணீர்க் குழாயும் இழுத்துத் தந்திருக்கிறான். அவன் கினிகத்தேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். குடும்பத்தோடு அங்கேயே வாடகைக்கு இருக்கிறான். என்னையும் வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டான், மருமகளும் கூப்பிட்டாள். எனக்கு இன்னொருத்தர் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் இல்லை, அது மகன் வீடாக இருந்தாலும் சரி. என் அடுப்பு, என் கோழி, என் இஸ்தோப்புத் திண்ணை, அதுதான் எனக்கு. தனியாக இருப்பது நான் விரும்பி இருப்பது.

அந்த வேன் வந்த அன்றைக்கு விடிந்ததிலிருந்து தூறல். ஈர விறகு பிடிக்காமல் அடுப்பு புகைந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குளிருக்கு என் வீட்டுக்காரரின் பழைய கோட்டைப் போட்டிருந்தேன். மகன் வாங்கித் தந்த ஸ்வெட்டர் இரண்டு பெட்டியில் இருந்தன, ஆனால் அடுப்படிக்கு யார் நல்லதைப் போடுவார்கள்?

கீழ் ரோட்டில் வேனை நிறுத்திவிட்டு இரண்டு ஆண்கள் ஏறி வந்தார்கள். ஒருவன் தாடி வைத்திருந்தான், முப்பது வயது இருக்கும். மற்றவன் ஒரு கம்பின் நுனியில் போனை மாட்டிப் பிடித்திருந்தான். தாடிக்காரன் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, இந்த லயத்துல புருஷன் இல்லாம ரெண்டு புள்ளைங்களோட ஒரு அக்கா இருக்காங்களாமே?"

"இருக்கா. மலையில நிக்கிறா. சாயங்காலந்தான் வருவா."

"அடடா, நாங்க இன்னும் வேற தோட்டத்துக்கெல்லாம் போகணுமே."

"அதுக்கு என்னாப்பா, எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. வந்தவொடன குடுத்துர்றேன்."

அவன் கம்புக்காரனைப் பார்த்தான். "சரிங்கம்மா. நீங்க வாங்குறாப்புல ஒரு வீடியோ எடுத்துக்கிறோம். வெளிநாட்டுல இருந்து அனுப்புனவங்களுக்குக் காட்டணும்ல?"

இதில் எனக்கு எதுவும் புதுசாகப் படவில்லை. தோட்டத்தில் அரிசி கொடுத்தாலும் பிள்ளைகளுக்கு எழுதக் கொப்பி கொடுத்தாலும், கொடுக்கிறவர்கள் ஒரு படம் எடுக்காமல் போவதில்லை. சரி என்றேன். பை அஞ்சாம் காம்பராவுக்கு வந்தது, அதை என் வாசலில் நின்று வாங்குவது முறையில்லை என்று எனக்குப் பட்டது. அவள் சாமானை அவள் வாசலில் வைத்துத்தானே வாங்க வேண்டும்? அவர்களை நானே அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அந்த நீலப் படங்குக்குக் கீழே, பலகை போன கதவுக்கு முன்னால், புகை பட்ட கண்ணோடும் கிழிந்த கோட்டோடும் நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன்.

வாங்கிய பிறகும் தாடிக்காரன் பேசிக்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால் நாம் பதில் சொல்லுவோம் இல்லையா?

"அம்மா யாரோட இருக்கீங்க?"

"தனியாத்தான்."

"ஐயா?"

"அவரு போயி ரொம்ப நாளாச்சு."

"புள்ளைங்க?"

"ஒரே மகன். கினிகத்தேனையில இருக்கான்."

"வந்து பாப்பாருங்களா?"

"மாசாமாசம் வருவான், மூட்ட கட்டிக்கிட்டு. இந்த மாசந்தான் ஆளக் காணல. கடையில வேல ஜாஸ்தின்னு போன் பண்ணுனான்."

பிறகு அவர்களை என் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நல்ல சாயத் தேத்தண்ணி என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பையை அஞ்சாம் காம்பராக்காரியிடம் கொடுத்தேன். பருப்பும் பால்மாவும் இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒன்றாகக் கொழுந்தெடுத்த கூட்டாளி ஒருத்தி மேல் லயத்திலிருந்து குடத்தோடு வந்தாள்.

"ஏன்டி, மகன் ஒன்னைய நடுத்தெருவுல விட்டுட்டானாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு ரொட்டி சுட்டுக் குடுத்திருப்பேன்ல?"

"என்னாடி ஒளர்ற?"

"நானா ஒளர்றேன்? ஒலகமே பாத்திருச்சு. சினிமாக்காரி மாதிரி என்னமா அழுவுற நீ! கட்டுன புருஷன் செத்தப்பகூட நீ இப்புடி அழுவல."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சாம் காம்பராக்காரியின் போனில்தான் பார்த்தேன். அவள் காட்டமாட்டேன் என்றாள், நான் விடவில்லை.

தோட்டத்தையும் மழையையும் காட்டினார்கள். சோகமாகப் புல்லாங்குழல் ஊதியது. பிறகு என் முகம், பெரிதாக, கண்ணில் தண்ணீரோடு. 'தனியாத்தான்' என்கிறேன். 'ஒரே மகன்' என்கிறேன். 'ஆளக் காணல' என்கிறேன். மாசாமாசம் வருவான் என்றது இல்லை. மூட்டை இல்லை. தேத்தண்ணி இல்லை. மேலே கொட்டை எழுத்தில், 'பெற்ற மகன் கைவிட்ட தாய்' என்று போட்டிருந்தது. எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் அந்த எழுத்தை நானே கூட்டி வாசித்துவிட்டேன். கீழே கினிகத்தேனை என்றும் போட்டிருந்தார்கள்.

"கீழ என்னா எழுதியிருக்காங்க?"

"வேணாம் பெரியம்மா."

"வாசி."

அவள் குரலைத் தாழ்த்தி வாசித்தாள். பாவம் அம்மா, கடவுள் இருக்கிறார் அம்மா என்று நிறையப் பேர் போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் என் மகனுக்கு. அவன் கை அழுகிப் போக வேண்டுமாம். அவனை ரோட்டில் வைத்து உதைக்க வேண்டுமாம். யாருக்காவது அவனைத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வேறொருவர் அவன் வேலை செய்யும் கடை இருக்கும் இடத்தையே சொல்லியிருந்தார்.

மகன் அடுத்த நாள் போன் பண்ணினான். எப்போதும் சாப்பிட்டாயா என்றுதான் தொடங்குவான்.

"அம்மா, நான் ஒனக்கு என்னா கொற வச்சேன்?"

"ஒண்ணும் வக்கிலப்பா. அது அவனுங்க வெட்டி ஒட்டுனது. அந்தச் சாமான்கூட எனக்கு இல்ல, அஞ்சாம் காம்பராவுக்கு வந்தது."

"அது எனக்குத் தெரியும். கடைக்கு வர்றவனுக்குத் தெரியுமா? நேத்து ஒருத்தன் சிமெந்து வாங்க வந்தான். பெத்தவளுக்குச் சோறு போடாதவன் கையால வாங்க மாட்டேன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டுப் போயிட்டான்."

"மொதலாளி என்னா சொன்னாரு?"

அவன் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். என்னையும் அவருக்குத் தெரியும். "அவருதான் சிரிச்சாரு. இந்த மகன் லீவு கேட்டா அம்மாவப் பாக்கன்னுதானே கேக்குறான், அப்ப இத்தன நாளா எங்கதான் போனான்னாரு. அவரு நம்புறாரும்மா. ஊரு நம்பலியே." பிறகு சொன்னான்: "திருவிழாவுக்கு நான் வரல. வேற ஆளப் பாத்துச் சாமி தூக்கச் சொல்லு."

அவன் மீசை முளைத்த நாளிலிருந்து எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் சாமி தூக்குகிறவன். கொரோனாவுக்கு மட்டும்தான் நின்றது. போனை வைத்துவிட்டான். அவன் பேர் இப்படிக் கெட்டுக் கிடக்கும்போது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திருவிழாவுக்குள் இதைச் சரிப்படுத்த வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

முதலில் அஞ்சாம் காம்பராக்காரியும் நானும் தாடிக்காரனுக்கே போன் போட்டோம், வீடியோவின் கீழே அவன் நம்பர் இருந்தது. அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

"அம்மா, நல்லதுக்குத்தானே போட்டோம்? ஒங்க வீடியோவப் பாத்துட்டு எத்தன பேரு கண் கலங்கிட்டாங்க தெரியுமா? கனடாவுல இருந்தெல்லாம் பேசுறாங்க. அடுத்த வாரம் ஒங்களுக்குக் கட்டில், மெத்தையே வருது."

"எங்கிட்ட கட்டில் இருக்கு. நீ அந்த வீடியோவ அழிச்சிரு தம்பி."

"கொஞ்சம் சோகமா இல்லாட்டி யாரும் பாக்க மாட்டாங்கம்மா. பாக்காட்டி உதவி வராது. புரிஞ்சுக்கங்க."

பொலிசுக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது அஞ்சாம் காம்பராக்காரியின் முகம் மாறிவிட்டது.

"பெரியம்மா, கேஸ் கீஸ்னு போனா, நாளைக்கு இந்த லயத்துப் பக்கம் எவன் வருவான்? போன வருஷம் எம்புள்ளைங்களுக்குக் கொப்பியும் காலுக்குச் சப்பாத்தும் இந்த மாதிரி ஆளுங்கதான் குடுத்தாங்க. ஒங்களுக்கு மகன் இருக்கான். எனக்கு யாரு இருக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப எம்மகன் பேரு நாறட்டும்ங்கிறியா?"

"நான் அப்புடிச் சொல்லல. எனக்கு வந்த சாமான வாங்கப் போயித்தானே ஒங்களுக்கு இது வந்துச்சு, அதுவும் எனக்குத் தெரியும்." அவள் அழுதுவிட்டாள். நான் என் வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காக நான் போகாமல் இருக்கவும் முடியாது.

பொலிசுக்குப் பீலிக்கரைக் கூட்டாளியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் இருந்த ஐயா சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும்.

"ஆச்சி, அந்தப் படத்தில் உடுப்பு இல்லாமலா இருக்கிறீர்கள்?"

"சேலை, சட்டை, அதுக்கு மேலே கோட்டு. இதற்கு மேலே உடுத்த வேண்டுமானால் மெத்தையைத்தான் சுற்ற வேண்டும்."

கூட்டாளி வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மிரட்டினார்களா, காசு கேட்டார்களா என்றார். இல்லை என்றேன். எடுக்க வேண்டாம் என்று சொன்னீர்களா என்றார். அதையும் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் இதில் என்ன குற்றம் எழுதுவது என்று பேனாவை வைத்துவிட்டார்.

பிறகு அவர் பெண்கள் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த பொலிஸ் பிள்ளை தமிழ் கொஞ்சம் பேசினாள். வீடியோவை முழுசாகப் பார்த்தாள். அவள் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. சாமான் கிடைத்ததைக் காட்டுவதற்கு என்று கேட்டுவிட்டு வேறொன்றுக்குப் பாவித்தால், நான் சொன்ன சரி அந்த வேறொன்றுக்குச் செல்லாது. என் முகம், என் வீடு, என் பிள்ளை, இவையெல்லாம் என்னுடைய விவரம். அதைக் காக்க ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். ஆனால் அதை நடத்தும் இடம் கொழும்பில், வேலைகள் இன்னும் முழுசாக நடக்கத் தொடங்கவில்லையாம். வழக்கு என்று போனால் இழுக்கும்.

"அம்மாவுக்கு என்ன வேணும்? அவரை உள்ளே போடணுமா?"

"அவன உள்ள போட்டு எனக்கு என்னா செய்ய? எம்மகன் அப்புடி இல்லன்னு அவன் வாயால சொல்லணும். திருவிழாவுக்கு முன்ன சொல்லணும்."

அப்படியானால் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைதான் நல்லது என்று சொல்லி, முறைப்பாட்டை எழுதிக்கொண்டாள். தாடிக்காரனுக்கும் அறிவித்தார்கள்.

சபை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேர் விசாரித்தார்கள். தலைவர் ஓய்வு பெற்ற தபால் அதிபர், சிங்களவர், தமிழ் தெரிந்தவர். தாடிக்காரன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

"நான் பொய் சொல்லல சார். தனியா இருக்கேன்னு அம்மாவே வாயால சொன்னாங்க. மகனக் காணலன்னும் அவங்கதான் சொன்னாங்க. பாருங்க," என்று போனைக் காட்டினான்.

"அதுக்கு முன்னாடி நான் சொன்னத எங்க?" என்றேன்.

"நீளமாயிரும்னு வெட்டியிருப்பாங்கம்மா. எடிட்டிங் நான் இல்ல."

தலைவர் வீடியோவைப் போட்ட இடத்திலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டான். அத்தோடு முடித்துவிடலாம் என்று அவர்கள் பேனாவைத் தூக்கினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"எடுத்தா பாத்தவங்களுக்கு மறந்துருமா? சொன்ன எடத்துலயே இல்லன்னும் சொல்லட்டும்."

தாடிக்காரன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அவன் முகம் பளிச்சென்று ஆனது. "சரிங்கம்மா, ஒண்ணு செய்வோம். அண்ணனையும் வரச் சொல்லுங்க. ஒங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சு ஒரு வீடியோ எடுப்போம். எங்க வீடியோவப் பாத்துட்டு மகன் மனசு மாறி அம்மாகிட்ட வந்துட்டாருன்னு போடுவோம். சனம் அள்ளிக்கிட்டுப் பாக்கும். அண்ணன் பேரும் சரியாயிரும்."

அவன் கேலி பண்ணவில்லை. உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். எனக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

"போகாதவன் எப்புடிப்பா திரும்பி வருவான்?" என்றேன். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நேரம் வாசலில் அஞ்சாம் காம்பராக்காரி நின்றாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, கொழுந்துக்கறை போகாத கையோடு பஸ் ஏறி வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. உள்ளே வந்து தலைவரிடம் சொன்னாள்:

"சார், அந்தச் சாமான் எனக்கு வந்தது. அந்த ஒழுகுற வீடும் என்னோடது. பெரியம்மா எனக்காக வாங்குனாங்க. இதையே அவரு வீடியோவுல சொல்லட்டும். என் பேரு, என் வீடு எல்லாம் போடட்டும். எனக்குப் பரவால்ல."

தலைவருக்கு அது பிடித்துவிட்டது. உண்மையை உள்ளபடி சொல்வதுதான் நல்ல திருத்தம் என்றார். தாடிக்காரனும் சரி என்றான், கையோடு போனையும் எடுத்தான். அவளை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வேனில் வந்த அன்றைக்கு அதே பார்வையைத்தான் என் கோட்டின் மேலும் விட்டான். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூத்த பெண் டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று முன்னமே சொன்னேன் இல்லையா? அங்கே எல்லாப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறது. ஒழுகும் வீட்டுக்காரி என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிடத் தொடங்கினால் யார் நிறுத்துவது? அதற்கு எந்தச் சபைக்குப் போவது?

"இவ பேரு வேணாம்," என்றேன். "வீடும் வேணாம்."

"பெரியம்மா, நானே சொல்றேன்ல?"

"நீ சும்மா இரு."

தாடிக்காரன் கையை விரித்தான். "அப்ப நான் என்னான்னும்மா சொல்றது? காரணம் சொல்லாம தப்புன்னு மட்டும் சொன்னா யாரு நம்புவா?"

"மொதல்ல போட்டப்ப மட்டும் காரணத்தோடயா போட்ட?"

கடைசியில் இப்படி எழுதினார்கள். போட்ட வீடியோவை நீக்க வேண்டும். அந்தத் தாயைப் பற்றியும் மகனைப் பற்றியும் நாங்கள் சொன்னது பிழை, மகன் தாயை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று அவன் தன் முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். எங்கள் முகமோ, வீடோ, அஞ்சாம் காம்பராவோ அதில் வரக்கூடாது. மற்றவர்கள் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டதற்கு அவன் பொறுப்பு எடுக்க மாட்டேன் என்றான். அதைத் தங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சபையும் சொல்லிவிட்டது. நான் கையெழுத்து வைத்தேன். பெருவிரல் வைக்கிற ஆள் இல்லை நான்.

திரும்பும் பஸ்ஸில் அஞ்சாம் காம்பராக்காரி முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். மஸ்கெலியாவில் இறங்கியபோதுதான் சொன்னாள், "எம்பேரச் சொல்லியிருந்தா அண்ணனுக்கு நல்லா இருந்திருக்கும்." ஆமாம் என்றேன். அவளிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தாடிக்காரன் சொன்னபடி செய்தான். பஸ் கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்லுகிற வேகத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். புல்லாங்குழல் இல்லை. பார்த்தவர்களும் கொஞ்சம் பேர்தான். அதன் கீழே ஒருவர், மகன் மிரட்டி இப்படிச் சொல்ல வைத்திருப்பான் என்று எழுதியிருந்தார். பழைய வீடியோ வேறு வேறு இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சாம் காம்பராக்காரி தினமும் வேலை விட்டு வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து, பேன் குத்துவது மாதிரி ஒவ்வொன்றாகத் தேடி, அதை நீக்கச் சொல்லி முறைப்பாடு அமுக்கினாள். "இன்னைக்கு ரெண்டு போயிருச்சு பெரியம்மா," என்பாள். அடுத்த நாள் புதுசாக ஒன்று வந்திருக்கும்.

திருவிழாக் கொடி ஏறிய பிறகு மகனுக்குப் போன் போட்டேன்.

"சட்டம் செய்யிறத செஞ்சிருச்சு. மிச்சம் ஒங்கையில."

"என்னாம்மா செய்யச் சொல்ற?"

"வா. வராட்டி அவன் போட்டதுதான் நெசமாப் போயிரும்."

கடையில் ஆள் நிற்கிறது என்று போனை வைத்துவிட்டான்.

சாமி புறப்படும் அன்றைக்கு மத்தியானம் வந்தான். எப்போதும் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறி வருகிறவன், அன்றைக்குக் கீழ் ரோட்டிலிருந்து எல்லா லயத்து வாசலையும் தாண்டி, தோளில் அரிசி மூட்டையோடு நடந்து வந்தான். கோயிலடியில் நின்ற அவன் கூட்டாளி ஒருவன் கத்தினான்:

"டேய், கைவிட்ட மகன் வர்றான்டோய்!"

"ஆமான்டா, கைவிட்டுட்டு அரிசி வாங்கப் போயிருந்தேன். வந்து ஒரு கை புடி, கழுத்து ஒடியுது."

சிரித்தவர்களும் உண்டு, சிரிக்காமல் பார்த்தவர்களும் உண்டு. அவன் முகம் சிவந்துதான் இருந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, குளித்து, வேட்டி கட்டி, சாமி தூக்கினான். கோயில் கமிட்டியில் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் திரும்பும் நாளில் நானும் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். மகன் வாங்கித் தந்த ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டேன்.

"நீ எங்கம்மா?"

"ஒங்க கடைக்கு. ஒரு நா ஒக்காந்துட்டு வர்றேன்."

"என்னாத்துக்கு?"

"ஆணி வாங்க."

அவன் என் பையை வாங்கிக்கொண்டான். அட்டனில் பஸ் மாறினோம். கூட்டம் நெருக்கியது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண் என்னையே பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க அந்த வீடியோவுல வந்த அம்மாதானே? பாவம். அந்தப் பாவி மகன் இப்பவாவது பாக்குறானா?"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பினார்கள். மகன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் காது சிவந்து போனதை நான் பார்த்தேன். அவன் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன்.

"இவன்தான்மா அந்த மகன். நல்லாப் பாத்துக்க."

அந்தப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் மடியில் இருந்த போனில் என் முகம் அப்படியே நின்றது, கண்ணில் தண்ணீரோடு. மகன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, கடையில் சாமான் கேட்பவர்களிடம் பேசுவது போல நிதானமாகச் சொன்னான்:

"அக்கா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா எங்கம்மா ஒக்காருவாங்க. கால் வலி."

அவள் எழுந்தாள். எனக்குக் கால் வலி ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்துகொண்டேன்.